ஐம்பது பேரின் குரல்

உங்கள் அறை நன்றாக இருக்கிறது, மேடம். சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை, ஒன்றுக்கு இரண்டு கதவு, ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல். என் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. வீட்டிலோ வேலை செய்கிற இடத்திலோ இப்படி ஓர் அறை கிடைத்திருந்தால், நான் உண்டு என் வேலை உண்டு என்று இருந்திருப்பேன்.

சட்டைப் பொத்தான் விஷயத்தில் என்னை அழகாகப் பிடித்துவிட்டீர்கள். ஹெட்போனில் கீச்சென்றும் கொர்ரென்றும் எத்தனையோ சத்தம் விட்டுப் பார்த்தீர்கள். கேட்டால் கையைத் தூக்கச் சொன்னீர்கள். பெரிய சத்தத்துக்குத் தூக்கினேன், சின்னச் சத்தத்துக்கு மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உங்களுக்குள்ளேயே முணுமுணுப்பது போல, "மேல் பொத்தான் போடாம வந்திருக்காரு" என்றீர்கள். என் கை தன்பாட்டுக்குச் சட்டைக்குப் போய்விட்டது. காதை அடக்கப் பழகிய நான் கையை அடக்கப் பழகவில்லை.

நீங்கள் கோபப்படவில்லை. உள்ளே வந்து இரண்டு கதவையும் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்து, "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டீர்கள். "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்" என்று சொல்லாமல் என் பேச்சைக் கேட்கிறவர்கள் குறைவு. அதனால் சொல்கிறேன். மறைக்க வேண்டிய அளவுக்கு நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

வெளியே பெஞ்சில் மப்ளர் சுற்றிக்கொண்டு, மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், பெண் கொடுக்கச் சொல்லித் தன் வீட்டில் பேசியதும் அவர்தான். நல்ல மனிதர். அவரைப் பற்றி ஒரு குறையும் என் வாயிலிருந்து வராது.

எங்கள் இருவருக்கும் ஒரே அச்சகத்தில், ஒரே மேஜையில் வேலை. மெய்ப்புப் பார்ப்பது. இப்போது பல இடங்களில் ஒருவரே கணினித் திரையைப் பார்த்துத் திருத்திவிட்டுப் போகிறார். எங்கள் முதலாளி அகராதி போடுகிறவர். அகராதிக்கு அது சரிப்படாது என்பார். ஒருவர் மூலப்படியை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருவர் அச்சான தாளில் விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். எழுத்து, எண், புள்ளி, எதையும் விடக்கூடாது. "காற்புள்ளி, அடைப்பு திற, பெயரடை, அடைப்பு மூடு" என்று அதையெல்லாம் சேர்த்தே படிக்க வேண்டும். மச்சான் படிப்பார். நான் பார்ப்பேன்.

எங்கள் அறைக்கு நேர் கீழேதான் அச்சு இயந்திரங்கள். தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். மற்றவர் படித்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மச்சான் படித்தால் கீழே மை ஊற்றுகிற ஆளுக்குக்கூட அகராதி மனப்பாடம் ஆகிவிடும். அவருடைய பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். அச்சகம் முழுவதும் அவர் 'வெண்கலம்'. எனக்குப் பட்டப்பெயர் கிடையாது. வைக்கிற அளவுக்கு யாரும் என்னைக் கவனித்ததில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தால் முதலில் குரல் வரும், பின்னால் ஆள் வருவார். என் மனைவிக்கும் மகளுக்கும் சண்டை வந்தால் அவர் நடுவில் புகுந்து, "போதும், முற்றுப்புள்ளி!" என்பார். இருவரும் சிரித்துவிடுவார்கள். நான் அதே சண்டையை நிறுத்த அரைமணி நேரமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

சாப்பிடும்போது நான் எதையாவது வேடிக்கையாகச் சொல்வேன். எனக்கு அது வரும், மேடம், நம்புங்கள். ஆனால் என் குரல் தட்டைத் தாண்டாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மச்சானுக்கு மட்டும் கேட்கும். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதையே தன் குரலில் எல்லோருக்கும் சொல்வார். வீடே குலுங்கும். "நான் இல்ல, மாப்ள சொன்னாரு, மாப்ள சொன்னாரு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். நியாயமானவர். ஆனால் அதற்குள் சிரிப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது. என் மகள் பள்ளிக்கூடத்தில் சொல்கிற ஜோக்கில் பாதி நான் சொன்னது. 'எங்க மாமா சொன்னது' என்றுதான் சொல்வாள்.

இதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் அமைதி. அவ்வளவுதான்.

போன வருடக் கடைசியில் மச்சானுக்குத் தொண்டை கட்டியது. தொண்டை டாக்டர் உள்ளே கருவி விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் காய்ப்புக் காய்த்திருக்கிறது என்றார். நாற்பது வருடமாகக் கத்தினால் காய்க்காதா என்றார். மருந்து இருக்கிறது, ஆனால் மருந்தைவிட முக்கியம் குரலைத் தாழ்த்துவது. மெதுவாகப் பேசினால் தானாகவே குறையும், கத்தினால் வளரும், வளர்ந்தால் வெட்ட வேண்டும், வெட்டினால் பழைய குரல் வராது. பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நன்றாகக் கேட்டது.

மச்சான் சொன்னதைச் செய்தார். மேஜையில் என் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு காதோரமாக, மெதுவாகப் படித்தார். வீட்டிலும் மெதுவாகப் பேசினார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். முதல் சில நாட்கள் இருந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். அவர் வாயைத் திறந்தால் என் மனைவி டிவியை நிறுத்துகிறாள். என் மகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருகிறாள். அச்சகத்தில் முதலாளி குனிந்து கேட்கிறார். நான் பிறந்ததிலிருந்து அதே சத்தத்தில்தான் பேசுகிறேன். எனக்காக யாரும் எதையும் நிறுத்தியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆங்கில-தமிழ் அகராதியில் எஸ் எழுத்துப் பக்கங்களுக்கு வந்தோம். அதிகம் புழங்காத ஒரு பெயரடை, ஸ்டென்டோரியன். ஆங்கிலம் பேசுகிறவர்களே எப்போதாவது எழுத்தில்தான் அதைத் தொடுவார்கள். மிக உரத்த, முழங்குகிற என்று பொருள். தொகுப்பாசிரியர் 'வெண்கலக் குரலுடைய' என்றும் சேர்த்திருந்தார். மச்சானுக்கு வாயெல்லாம் பல். "மாப்ள, என்னைய அகராதில ஏத்திட்டாங்க" என்று கிசுகிசுத்தார்.

ஓரத்தில் ஆசிரியர் அந்தச் சொல்லின் பிறப்பையும் எழுதி வைத்திருந்தார். அச்சில் சேர்ப்பதற்காக இல்லை, எங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று. அதற்குள் இருப்பது ஓர் ஆளின் பெயராம். பழைய கிரேக்கப் போர்க் காவியத்தில் வருகிற கட்டியக்காரன். படைக்கு முன்னால் நின்று அறிவிப்புச் சொல்கிறவன். ஐம்பது பேர் சேர்ந்து கத்தினால் எவ்வளவு சத்தமோ அவன் ஒருவன் வாயிலிருந்து அவ்வளவு வருமாம். ஒரு தேவதை, வீரர்களுக்கு ரோஷம் வரவழைக்க, அவன் உருவத்தை எடுத்துக்கொண்டு கத்தினாளாம். காவியம் அவனை வெண்கலக் குரலோன் என்றே அழைக்கிறதாம். நம் ஊர்ப் பேச்சில் சொல்வதையே அவர்களும் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். அவன் பெயரோடு ஒரு வாலை ஒட்டி, சில நூறு வருடங்களுக்கு முன்னால் ஆங்கிலக்காரர்கள் பெயரடை ஆக்கிக்கொண்டார்கள்.

கடைசியில் இரண்டு வரி இருந்தது. பின்னால் வந்தவர்கள் சொன்ன கதைப்படி, அந்தக் கட்டியக்காரன் கடவுள்களின் தூதனோடு யார் குரல் பெரியது என்று போட்டி போட்டான். தோற்றான். அதிலேயே செத்தும் போனான்.

மச்சான் அதைச் சிரித்துக்கொண்டே படித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே ஒருவன் இருந்தால்தானே அவன் அப்படிக் கத்தியிருப்பான் என்று யோசித்தேன். அந்த எதிராளிக்குப் பெரிய குரல் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் நின்றால் போதும்.

மச்சான் அடுத்த சொல்லைப் படித்தார். நான், "என்ன?" என்றேன்.

அவர் மறுபடி படித்தார், கொஞ்சம் உயர்த்தி. நான் மறுபடியும், "என்ன?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டாக்டர் சொன்னதை மறந்து, பழைய குரலில் முழங்கினார். படித்து முடித்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் தாளில் விரலை நகர்த்தினேன்.

இவ்வளவுதான் மேடம், நான் செய்தது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் இதையே திரும்பத் திரும்பச் செய்ததுதான். நான் அவரைக் கத்தச் சொல்லவில்லை. 'என்ன' என்று கேட்டேன். வீட்டுக்கு வீடு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிற சொல்.

காது கேளாமல் இருப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கஷ்டமான வேலை. அவரிடம் மட்டும் கேட்காமல் இருந்தால் சந்தேகம் வரும். எல்லாரிடமும் கேட்காமல் இருக்க வேண்டும். வாசல் மணி அடித்தால் பேப்பர் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பால் பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்று தீய்ந்தாலும் பக்கத்து நாற்காலியில் அசையாமல் இருக்க வேண்டும். மனைவி திட்டும்போது அப்பாவியாகச் சிரிக்க வேண்டும். அது மட்டும் சுலபமாக வந்தது.

ஒருநாள் என் மகள் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். "அப்பா" என்றாள். நான் திரும்பவில்லை. "அப்பா, நான் கணக்குல ஃபெயில்" என்றாள். திரும்பவில்லை. பிறகு, "அப்பா, உங்களுக்கு நிஜமாவே கேக்கலையாப்பா?" என்று சொல்லி அழுதாள். பதினான்கு வயதுப் பெண் சத்தம் வராமல் அழுவதைக்கூடக் கேட்கிற காது எனக்கு. ஆனால் அப்போது திரும்பியிருந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும்.

அச்சகத்தில் பேச்சு கிளம்பியது. மெய்ப்புப் பார்க்கிறவனுக்குக் காது போனால் எப்படி வேலை நடக்கும் என்று முதலாளி கேட்டார். எனக்குப் பதிலாக வேறு ஆளைப் போடலாம் என்றார். என்னை வைத்துக்கொண்டேதான் சொன்னார். காது கேட்காதவன் முன்னால் மனிதர்கள் எவ்வளவு தாராளமாகிவிடுகிறார்கள் என்பது தனிக்கதை.

மச்சான் எழுந்து நின்று, "சார், அவரு கண்ணு மாதிரி கண்ணு இந்த ஊர்ல கிடையாது. காதுக்கு நான் பொறுப்பு" என்றார். முழுக் குரலில் சொன்னார். அன்றிலிருந்து நாள் முழுக்க முழுக் குரலில்தான் படித்தார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். நான் கூடத்தில் இருந்தேன். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

"அண்ணா, டாக்டர் உன்னக் கத்தக் கூடாதுன்னுதானே சொன்னாரு."

"சொன்னாரு. அவரு சம்பளம் குடுப்பாரா உங்க வீட்டுக்கு?"

"விளையாடாதண்ணா. குரல் போயிருச்சுன்னா?"

"எனக்கு யாரு இருக்கா, பாட்டுப் பாடித் தூங்கவைக்க? இந்த மனுஷனுக்கு வேலை போச்சுன்னா நொறுங்கிருவாரும்மா. வாய் தொறந்து சொல்லக்கூட மாட்டாரு. நீ அவர ஒண்ணும் கேக்காத. நான் கத்திப் படிச்சுக்கறேன்."

இந்தப் பேச்சை நான் முழுவதும் கேட்டேன். ஒரு வார்த்தை விடாமல். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் காலையில் எழுந்து, காது திறந்துகொண்டது என்று சொன்னால் யார் ஏன் என்று கேட்கப்போகிறார்கள். யோசித்தேன். ஆனால் ஒரு விஷயம் குறுக்கே வந்தது. அன்று அந்த வீட்டில் எல்லோரும் என்னைப் பற்றிப் பேசினார்கள். வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

மறுநாள் படிக்க உட்கார்ந்ததும், "என்ன?" என்றேன்.

குரல் மெல்ல மெல்லத்தான் போனது. முதலில் கரகரத்தது. பிறகு நடுநடுவே உடைந்தது. 'முற்றுப்புள்ளி' என்பார், 'புள்ளி' மட்டும் வரும். கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். அதில் சிவப்பு இருந்ததை நான் பார்த்தேன், அவர் மறைத்ததையும் பார்த்தேன். அப்போதெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். சூடாக, பதமாக ஆற்றி. இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். டாக்டர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பக்கத்தில் இருந்தது காது கேட்காத நான் என்பதால் தனியாகத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். புண் ஆறும்வரை பேசவே கூடாது. ஆறினால் பாதிக் குரலாவது திரும்பும். நடுவில் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கத்தினாலும் அதோடு சரி, பிறகு காற்றுதான் வரும்.

அதனால்தான் அந்தச் சிலேட்டு. வீட்டுக்கு வந்த முதல் நாள் அதில் எனக்கு எழுதிக் காட்டினார். 'எனக்கு வாய் இல்ல. உங்களுக்குக் காது இல்ல. நல்ல ஜோடி. ரெண்டுல ஒண்ணையாவது ரிப்பேர் பண்ணுவோம் மாப்ள.' சிரித்தார், சத்தமில்லாமல். நானும் சிரித்தேன். அது நல்ல ஜோக். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. நான் அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்று வாரமாக என்னை இங்கே கூட்டி வரத்தான் அலைந்தார். உங்களிடம் நேரம் வாங்கியது, என்னைக் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியது, உங்கள் படிவத்தில் 'இவருக்கு மனசு ரொம்ப மென்மை, பார்த்துச் சொல்லவும்' என்று எழுதிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். நீங்கள் இப்போது வெளியே போய் உண்மையைச் சொன்னால் அவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். கத்தியது அத்தனையும் வீண் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆசையாகச் செய்த காரியத்தை வீண் என்று சொல்லலாமா? எனக்காகக் கேட்கவில்லை. அவருக்காகத்தான் சொல்கிறேன். காது போய்விட்டது, கருவி வைத்தாலும் பயனில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதுதான் மனிதாபிமானம்.

எழுத மாட்டீர்களா? சரி. உங்கள் தொழில் அப்படி.

கருவி வைக்கலாம் என்று எழுதினாலும் ஆபத்துதான், மேடம். அப்புறம் அவர் ஆயுசுக்கும் மெதுவாகப் பேசினால் போதும். வீடே அவர் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். அமைதி வேண்டும் என்று சொன்னேன் இல்லையா? அமைதி வேறு, இது வேறு. உங்களுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை.

திரும்பாதீர்கள். ஜன்னல் பக்கம் வந்துவிட்டார். நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவர் பார்த்ததில்லை. ஏதோ கெட்ட செய்தி கேட்டு நான் புலம்பிக்கொண்டிருப்பதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சிலேட்டில் எழுதிக் கண்ணாடியில் வைத்துப் பிடிக்கிறார். 'பயப்படாதீங்க. நான் இருக்கேன்.' எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது. நான் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்.

கண்ணாடியைத் தட்டுகிறார். இந்த அறைக்குள் அதுவும் கேட்கவில்லை பாருங்கள். எவ்வளவு செலவு செய்து கட்டினார்களோ.

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஓரக்கண்ணால் தெரிகிறது. சிலேட்டைக் கீழே வைத்துவிட்டார். மப்ளரைத் தளர்த்துகிறார். நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கிறார், காலையில் முதல் பக்கம் படிப்பதற்கு முன்னால் இழுப்பாரே, அதே மாதிரி. வாய் திறந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது. இருபது வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்த வாய், காது இல்லாமலே படித்துவிடலாம். 'மாப்ள' என்கிறது. 'மாப்ள, இங்க பாருங்க' என்கிறது.

உட்காருங்கள் மேடம், கதவைத் திறக்காதீர்கள். உங்கள் தாளில் இதை மட்டும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கூப்பிட்டபோது எனக்கு எதுவும் கேட்கவில்லை. இதில் நடிப்பு ஒன்றும் இல்லை.